ஹவானாவில் எங்கே சாப்பிடுவது?
கப்பல் பயணியும் புகழ்பெற்ற உணவகமும்

1

'எங்கே சாப்பிடலாம்?' என்பது அப்பாவித்தனமான கேள்வியாகத் தெரியும். பசித்தால் சாப்பிட வேண்டியதுதானே, இதற்குப் போய் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். ஆனால் உல்லாசக் கப்பலில் வந்து ஒரு துறைமுகத்தில் இறங்குகிறவருக்குப் பசி என்ற ஒன்று கிடையாது. காலைச் சாப்பாடு கப்பலிலேயே முடிந்துவிட்டது. மதியத்துக்கும் ராத்திரிக்கும் பயணச் சீட்டோடு சேர்த்தே காசு கட்டியாகிவிட்டது. கரையில் அவர் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் இரண்டாவது தடவை காசு கொடுக்கிற வேளை. ஆக, அவர் உணவகத்துக்குப் போவது வயிற்றுக்காக அல்ல. பின் எதற்காக?

ஊருக்கு வந்துபோனதற்கு அத்தாட்சியாக ஏதோ ஒன்று வேண்டும். கப்பல் தரும் அவகாசம் சில மணி நேரம்தான். கொஞ்சம் தாராளமான பயணத் திட்டமாக இருந்தால் ஓர் இரவு. அதற்குள் ஒரு நகரத்தைப் 'பார்த்து' முடித்தாக வேண்டும். புகழ்பெற்ற உணவகம் இந்த அவசரத்துக்குக் கைகொடுக்கிறது. ஊர் முழுவதையும் சுருக்கி ஒரு மேசைமேல் வைத்துத் தருவதாக அது வாக்களிக்கிறது. அந்த வாக்குறுதி எப்படிக் கட்டமைக்கப்படுகிறது, அதை நம்புவதா மறுப்பதா என்பதை ஒரு குறிப்பிட்ட நகரத்தையும் ஒரு குறிப்பிட்ட காலத்தையும் வைத்துப் பேசிப் பார்க்கலாம். நகரம் ஹவானா. காலம் 2016 முதல் 2019 வரை.

2

2016 மே 2 அன்று மயாமியிலிருந்து ஏறத்தாழ 700 பயணிகளோடு 'அடோனியா' என்ற கப்பல் ஹவானா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் கியூபாவுக்கு வந்தது கிட்டத்தட்ட 40 ஆண்டுகளுக்குப் பின் அதுவே முதல் தடவை. அந்தப் பயணம் தொடங்குவதற்கு முன்பே ஒரு சிக்கல் எழுந்தது. கியூபாவில் பிறந்தவர்கள் கடல் வழியாக நாட்டுக்குள் வரக் கூடாது என்று பனிப்போர்க் காலத்திய விதி ஒன்று அங்கே இருந்தது. அதைக் காட்டி, கியூபாவில் பிறந்த அமெரிக்கர்களுக்குச் சீட்டு விற்கக் கப்பல் நிறுவனம் மறுத்தது. மயாமியில் எதிர்ப்பு கிளம்பிற்று, வழக்கும் தொடுக்கப்பட்டது. ஏப்ரல் மாதம் கியூபா அரசு அந்த விதியைத் தளர்த்திய பிறகே கப்பல் புறப்பட்டது. 'எங்கே சாப்பிடுவது' என்று யோசிக்கும் உரிமையே எல்லோருக்கும் ஒருசேரக் கிடைத்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவருக்குத்தான் அது கடைசியாகக் கிடைத்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி கியூபாவுக்குச் 'சுற்றுலா' போகக் கூடாது. எனவே கப்பல் பயணிகள் எல்லோரும் 'மக்களுக்கும் மக்களுக்கும் இடையிலான கல்விப் பரிமாற்றம்' என்ற வகையில் போனார்கள். நாள் முழுக்க அதற்கான நிகழ்ச்சிகள் இருக்க வேண்டும். பயண ஆவணங்களை 5 ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டியிருந்தது. அதாவது, ஒரு கோப்பை ரம் குடிப்பதும் சட்டத்தின் மொழியில் கல்வி. ஒரு சொல்லாடல் தன் எல்லைக்குள் வருவதை எல்லாம் எப்படிப் பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

3

துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய ஹவானாவின் பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது 'லா போதெகீத்தா தெல் மெதியோ'. 1942இல் ஆங்கெல் மார்த்தினெஸ் வாங்கி நடத்திய மளிகைக் கடை அது. அக்கம்பக்கத்து எழுத்தாளர்களும் அச்சகத்துக்கு வருகிறவர்களும் அங்கேயே நின்று குடிக்க, பிறகு சாப்பிட என்று ஆரம்பித்து, 1950இல் இப்போதைய பெயரைப் பெற்றது. வறுத்த பன்றி இறைச்சி, கறுப்பு அவரைச் சோறு, மரவள்ளிக் கிழங்கு, பழுத்த வாழைக்காய் வறுவல் இவைதாம் சாப்பாடு. ஆனால் கூட்டம் வருவது மொஹீத்தோவுக்கு. வரிசையாகக் கண்ணாடிக் குவளைகளை அடுக்கி, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் புதினாவும் போட்டு மசித்து, சோடாவையும் வெள்ளை ரம்மையும் வரிசை முழுக்க ஊற்றிக்கொண்டே போவார்கள். சுவர் முழுக்க வந்துபோனவர்களின் கையெழுத்துக்கள்.

அவற்றுள் தலையாயது, சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஹெமிங்வேயின் கையெழுத்து. தன் மொஹீத்தோ இந்தக் கடையில், தன் தைகிரி 'எல் ஃப்ளோரிதீத்தா'வில் என்பது அதன் சாரம். ஆராய்ந்து பார்த்தவர்கள் அது அவருடைய எழுத்து அல்ல என்கிறார்கள். இந்தக் கடைக்கு அவர் வாடிக்கையாக வந்ததற்கும் உருப்படியான சான்று இல்லை. ஃப்ளோரிதீத்தாவுக்கு அவர் போனது உண்மை. அங்கே 2003இல் அவருடைய ஆளுயர வெண்கலச் சிலையை மதுமேசை மூலையில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர் வாடிக்கையாக வந்ததற்குச் சான்றில்லாத இடத்துக்கு ஒரு கையெழுத்து, வந்த இடத்துக்கு ஒரு சிலை. இரண்டுக்கும் வேலை ஒன்றே.

டீன் மக்கானல் 1976இல் வெளியிட்ட சுற்றுலாப் பயணி பற்றிய நூலில், பார்க்கப்படும் இடத்தைவிட அதைச் சுட்டும் 'அடையாளக் குறி' முக்கியமானது என்று விளக்கினார். பெயர்ப்பலகை, வழிகாட்டி நூல், அஞ்சலட்டை என்று குறிகள் சேர்ந்துதான் ஒரு இடத்தைக் 'காட்சி'யாக மாற்றுகின்றன. குறி இல்லாவிட்டால் போதெகீத்தா வெறும் நெரிசலான சாப்பாட்டுக் கடை. இந்த நோக்கில் அந்தக் கையெழுத்து போலியா அசலா என்ற விவாதமே பொருளற்றுப் போகிறது. போலிக் கையெழுத்து உண்மையான கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கூட்டம் தன் பங்குக்குச் சுவரில் கையெழுத்துப் போட்டு இடத்தை மேலும் 'அசல்' ஆக்குகிறது. குறிப்பான்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டே போகின்றன. நடுவில் பன்றி வறுவல் ஆறிப்போகிறது.

4

சரி, அப்படின்னா இந்தப் போலியை ஒதுக்கிவிட்டு 'உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற' இடத்துக்குப் போவோமே என்று சொல்லத் தோன்றும். விவரமான பயணிகளின் பதில் இதுதான். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் வெறுக்கிற ஒரே கூட்டம் மற்ற சுற்றுலாப் பயணிகள் என்பதைப் பல பேர் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஜொனாதன் கல்லர் 1981இல் சுற்றுலாவின் குறியியல் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் முடிச்சைக் காட்டினார்: ஒன்றை அசல் என்று அனுபவிக்க, அது அசல் என்று யாராவது குறித்துக் காட்ட வேண்டும், குறித்துக் காட்டிய உடனே அது அசல் என்ற தகுதியை இழந்து தன்னைத் தானே சுட்டும் குறியாகிவிடுகிறது.

ஹவானாவில் இந்த 'அசல்' பாத்திரத்தை ஏற்றவை பலதார் எனப்படும் வீட்டு உணவகங்கள். சோவியத் ஒன்றியம் சரிந்தபின் கியூபா பட்டினியின் விளிம்புக்குப் போன நேரத்தில், 1990களில், குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே உணவகம் நடத்த அரசு அனுமதித்தது. 12 இருக்கைக்கு மேல் கூடாது, மாட்டிறைச்சியும் சிங்க இறாலும் விற்கக் கூடாது என்று கட்டுப்பாடுகள். பலதார் என்ற பெயரே ஒரு பிரேசில் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. அதன் நாயகி நடத்தும் உணவகத்தின் பெயர் அது. 'உள்ளூர் அசல்' என்று நாம் தேடிப் போவதற்குப் பெயர் வைத்தது ஒரு தொடர் நாடகம்!

1996இல் தொடங்கிய 'லா குவாரிதா' என்ற பலதார், 1993இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற கியூபத் திரைப்படம் எடுக்கப்பட்ட கட்டிடத்தில் இருப்பதாலேயே உலகம் அறிந்த இடமாயிற்று. 2016 மார்ச்சில் ஒபாமா குடும்பத்தோடு வந்து சான் கிறிஸ்தோபால் என்ற பலதாரில் இரவு உணவு சாப்பிட்டார். அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கும் ஒரு 'கையெழுத்து' கிடைத்துவிட்டது. ஹெமிங்வேக்குப் பதில் ஒபாமா. ஆக, புகழ்பெற்ற உணவகம் எதிர் உண்மையான உணவகம் என்ற இருமை எதிர்வு நிலைக்காது. இரண்டாவது என்பது இன்னும் கூட்டம் சேராத முதலாவது, அவ்வளவுதான்.

5

அசல் போலிப் பேச்சை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். குறியியல் சொல்லாமல் விட்டதைக் கணக்கு சொல்லும்.

2016இல் கியூபாவில் அரசு ஊழியரின் சராசரி மாதச் சம்பளம் 740 பெசோ. அன்று புழக்கத்திலிருந்த இன்னொரு நாணயமான மாற்றத்தக்க பெசோவின் கணக்கில், 24க்கு 1 வீதம், அது ஏறத்தாழ 31. போதெகீத்தாவில் ஒரு மொஹீத்தோவின் விலை ஏறத்தாழ 5 மாற்றத்தக்க பெசோ. ஆறு கோப்பை குடித்தால் ஒரு மாதச் சம்பளம் காலி. மருத்துவரைவிட, ஆசிரியரைவிட, அன்பளிப்புக் காசு வாங்கும் பரிசாரகர் அதிகம் சம்பாதிக்கும் நிலையைக் கியூபர்கள் 'தலைகீழ்ப் பிரமிடு' என்று சொல்வார்கள். பயணி மேசையில் விட்டுப்போகும் சில்லறை அந்தப் பிரமிடுக்கு ஒரு கல்.

இங்கேதான் முடிவெடுப்பது சிக்கலாகிறது. போதெகீத்தா அரசு உணவகம். அங்கே கொடுக்கும் காசு அரசுக் கஜானாவுக்குப் போகிறது. 1962 முதல் இருந்துவரும் ரேஷன் புத்தகத்துக்கும் மருத்துவமனைகளுக்கும் செலவழிப்பது அதே கஜானாதான். அதிகாரவர்க்கத்துக்குத் தீனி போடுவதும் அதேதான். பலதாரில் கொடுத்தால் காசு ஒரு குடும்பத்துக்குப் போகிறது. 'அரசு உணவகத்தைத் தவிர், தனியாரை ஆதரி' என்பது நல்ல மனசுக்காரரின் அறிவுரையாகக் காதில் விழும். ஆனால் 'கியூப மக்களுக்கு ஆதரவு' என்று அமெரிக்கப் பயண விதிகளில் ஒரு தனி வகையே இருக்கிறது. அதன்கீழ் போகிறவர் தனியார் வீட்டில் தங்குவதும் தனியார் உணவகத்தில் சாப்பிடுவதும் தகுதியான செயல்களாகக் காட்டப்படுகின்றன. சொந்தமாக யோசித்து எடுத்ததாக நினைக்கும் முடிவு, முன்பே வாஷிங்டனில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது.

தனியார் உணவகமும் அப்பழுக்கற்றதல்ல. பலதார்களுக்கு மொத்த விலைச் சந்தை என்று சொல்லும்படி ஒன்று அந்த ஆண்டுகளில் இல்லை. வெங்காயம், எலுமிச்சை, தக்காளி எல்லாவற்றையும் வீட்டுக்காரப் பெண்கள் வாங்கும் அதே சந்தையில்தான் வாங்கினார்கள். கூட்டம் பெருகப் பெருகச் சந்தையில் விலை ஏறியது; காலையிலேயே சரக்கு தீர்ந்தது. ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் ஆன்டிகுவா தீவு பற்றி எழுதிய சிறு நூலில், பயணி ரசித்து உண்ணும் 'தீவுச் சாப்பாடு' பெரும்பாலும் மயாமியிலிருந்து விமானத்தில் வந்தது என்று சுள்ளென்று சொல்லிவைத்தார். கியூபாவிலும் 2001 முதல் அமெரிக்கக் கோழி இறைச்சி சட்டப்படியே இறக்குமதியாகிறது. மயாமியிலிருந்து கப்பலில் வந்து அமெரிக்கக் கோழியைத் தின்றுவிட்டுக் கியூபச் சுவை பற்றிக் கடிதம் எழுதுவது நடக்காத காரியமல்ல.

6

'போய்யா, ஒரு கிளாஸ் குடிக்கிறதுக்கா இவ்வளவு பேச்சு?' என்று நண்பர் ஒருவர் கேட்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கடையை வெறும் கடையாக எல்லோரும் பார்க்கவில்லை. 1997 செப்டம்பர் 4 அன்று ஹவானாவில் மூன்று ஹோட்டல்களில் குண்டு வெடித்தது. அவற்றில் ஒன்றில் ஓர் இத்தாலிய இளைஞர் இறந்தார். அதே நாளில் நான்காவது குண்டு வெடித்த இடம் போதெகீத்தா. சுற்றுலாவை முடக்கினால் கியூப அரசு விழும் என்பது குண்டு வைத்தவர்களின் கணக்கு. இதற்குப் பின்னால் இருந்ததாக லூயிஸ் போசாடா காரிலெஸ் 1998இல் நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த பேட்டியில் சொன்னார், பின்னர் மறுத்தார். பயணிக்கு அந்த உணவகம் 'கியூபா'வைக் குறித்தது போலவே குண்டு வைத்தவனுக்கும் குறித்தது. குறி என்பது காகிதத்தில் மட்டும் இருப்பதில்லை. அதன்மேல் வெடிமருந்தும் வைக்கலாம்.

ஆகவே, போகலாமா வேண்டாமா? போகலாம். அசலைத் தேடிப் போகாதவரை போகலாம். போதெகீத்தா ஒரு விதத்தில் நேர்மையான இடம். அது தன் நாடகத்தை வெளிச்சத்தில் வைத்தே நடத்துகிறது. பலதாருக்கும் போகலாம், அங்கே போவதால் தான் மற்ற பயணிகளைவிட மேலானவன் என்ற நினைப்பை வாசலில் விட்டுவிட்டால். 'இது உண்மையான கியூபாவா?' என்ற கேள்விக்குப் பதிலாக வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் தட்டில் இருப்பது எந்தச் சந்தையிலிருந்து வந்தது? நான் கொடுக்கும் காசில் எவ்வளவு இதைக் கொண்டுவந்து வைத்தவர் கைக்குப் போகும்? இந்தத் தெருவில் குடியிருப்பவர்களில் யாரால் இங்கே உட்கார்ந்து சாப்பிட முடியும்? இவற்றுக்கு வழிகாட்டி நூலில் பதில் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க நேரம் வேண்டும். கப்பல் தராதது அந்த நேரத்தைத்தான். சாப்பாடு, அறை, ஆட்டம் பாட்டம் எல்லாவற்றையும் அள்ளித் தரும் கப்பல், நேரத்தை மட்டும் அளந்து தருகிறது. புகழ்பெற்ற உணவகம் அந்த அளவுக்குச் சரியாக வெட்டித் தைத்த சட்டை.

2019 ஜூன் 5 முதல் அமெரிக்க அரசு உல்லாசக் கப்பல்கள் கியூபாவுக்குப் போவதைத் தடை செய்தது. முன்னறிவிப்பு ஒரே ஒரு நாள். ஏறத்தாழ 8 லட்சம் முன்பதிவுகள் பாதிக்கப்பட்டதாகக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் கணக்குச் சொன்னது. அப்புறம் கொள்ளைநோய் வந்தது. 2018இல் 47 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 2024இல் 22 லட்சமாகக் குறைந்துவிட்டது. எங்கே சாப்பிடுவது என்ற முடிவு கப்பலில் வந்தவருடையது. கப்பல் வரலாமா என்ற முடிவு வாஷிங்டனுடையது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு புதினா மசிக்கிறவருக்கு இரண்டிலும் குரல் இல்லை. உணவகத்தைப் பற்றிய நம் விவாதங்களில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு, அப்புறம் அசல் எது போலி எது என்று பேசலாம்.