தலையாட்டும் பாட்டி

மலாக்காவின் ஜாசின் பக்கம் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவரிடம், "மருந்து எப்படிச் சாப்பிடணும்னு விளங்குச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "விளங்குச்சுப்பா" என்பார், தலையும் ஆடும். உறையிலோ மலாயில் 'செபெலும் மாக்கான்' என்றிருக்கும். அது சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது, மாலையில் பேரன் வந்து படித்த பிறகுதான் தெரியும்.

மருந்தியல் மாணவருக்கு மாத்திரையின் வேதியியலைவிட இந்தத் தலையாட்டலைப் படிப்பதுதான் கடினம். நிஜ நோயாளியிடம் தவறு செய்து பழக முடியாதே! அதனால் முதலில் பொய் நோயாளி. 1963இல் லாஸ் ஏஞ்சலஸ் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயில்லாத பெண்ணொருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கினார். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மேசை மேசையாக நகரும் தேர்வை அறிமுகப்படுத்தினார். மணி அடித்தால் அடுத்த மேசைக்குப் போக வேண்டும். மருத்துவக் கல்வியில் பிறந்த இரண்டும் மருந்தியலுக்கும் வந்து சேர்ந்தன.

ஒரு மேசையில் மருந்தில்லாத இன்ஹேலர். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கி, பத்து விநாடி மூச்சடக்க வேண்டும். முன்னதாகவே அமுக்கிவிட்டால் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். இன்னொரு மேசையில் இன்சுலின் பேனாவும், குத்திப் பழக ஒரு பஞ்சுத் திண்டும். முதலில் 2 யூனிட்டை வெளியே விட்டு, ஊசிமுனையில் துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குத்தி அமுக்கியதும் பத்து எண்ணும்வரை ஊசியை உருவக் கூடாது. தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் தடித்துப்போய், மருந்து ஒழுங்காக ஏறாது.

கை வேலை இவ்வளவுதான்; சில நாளில் படிந்துவிடும். நடிப்பவர் உட்கார்ந்திருக்கும் மேசையில்தான் மாணவருக்கு வியர்க்கும். அங்கே "விளங்குச்சா?" என்பது வீண் கேள்வி. "பாட்டி, வீட்டுல எப்படிப் போடுவீங்க? எனக்கு ஒருதடவை செஞ்சு காட்டுங்க" என்றால்தான், இனிப்புநீர் குறைந்துவிட்டதென்று மாத்திரையை நிறுத்திய கதை வெளியே வரும்.

அந்தக் காலத்துத் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸருக்கு இந்த ஒத்திகை தேவைப்பட்டிருக்காது. ஒரே தோட்டத்தில் இருந்தவருக்கு ஆளும் தெரியும், வீடும் தெரியும். டிரெஸ்ஸர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. இன்றைய மருந்தியல் பட்டதாரியோ, முழுப் பதிவுக்கு முன் தற்காலிகப் பதிவில் பயிற்சிக்குப் போகிறார். கவுன்டருக்கு வருகிறவர் யாரென்றே அவருக்குத் தெரியாது.

மலாக்காவில் அந்த நடிகர் நாற்காலியில் தமிழ்ப் பாட்டி ஒருவரை உட்கார வைக்கலாம் என்பது என் ஆசை. மலாயில் சொன்னதற்கெல்லாம் அவர் தலையாட்டட்டும்.