ஒரே கணக்கேடு

எலவனாசூர்கோட்டைச் சிவன் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கோயிலுக்கு அளித்த கொடையைப் பலரும் காணுமாறு கல்லிற் பொறித்துவைத்தல் முன்னோர் வழக்கம். இக்காலத் தொழில் நிலையங்களில் எல்லாப் பிரிவினரும் காணும் பொது ஏடாக விளங்குவது, ‘நிறுவன வளத் திட்டமிடல்’ என்னும் கணினி மென்பொருள்.

கரும்பாலை ஒன்றைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். உழவர் கொணரும் கரும்பை எடைமேடையில் நிறுப்பர். அரைவைப் பிரிவினர் சாறு பிழிவர். கணக்குப் பிரிவினர் பணம் வழங்குவர். ஒவ்வொரு பிரிவினரும் தனித்தனியே ஏடு எழுதினால், எடைமேடையில் 12 டன் என்றிருப்பது கணக்கில் 10 டன் என்றாகிவிடலாம். அப்பொழுது இரண்டு டன்னின் விலையை இழப்பவர் உழவரே. இம்மென்பொருளிலோ எடை ஒரே முறை பதியப்படும். அனைவரும் அவ்வெண்ணையே காண்பர்.

1972-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஐந்து பொறியாளர்கள் தொடங்கிய சாப் நிறுவனம் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் நிறுவனமும் இத்தகைய மென்பொருளை உருவாக்கி வருகின்றது.

எனினும், முதலிற் பதிபவர் தவறாகப் பதிந்தால், அத்தவறும் எல்லாப் பிரிவுகளுக்கும் பரவும். ஆதலின், எடைமேடையில் இருப்பவரின் கவனமும் நேர்மையுமே அக்கணக்கு முழுமைக்கும் அடிப்படையாகும்.