கண்ணுக்குப் புலப்படாத கிரணங்களும் விவசாயமும்

பயிர் வளர்ச்சிக்குச் சூரிய வெளிச்சம் இன்றியமையாதது என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். ஆனால், நம் கண் காணும் வெளிச்சம் நீண்டதொரு கிரண வரிசையின் சிறு பகுதியேயாகும். அவ்வரிசையிலுள்ள கிரணங்கள் யாவும் ஒரே இனத்தவை. அலையின் நீளத்தில் மட்டுமே வேறுபடுபவை. அந்நீளத்திற்கேற்பவே அவற்றின் குணமும் பயனும் அமைகின்றன.

நீண்ட அலைகள்: பல நூறு மீட்டர் நீளமுள்ள அலைகள் வானிலைச் செய்தியை வானொலி வழியே கிராமங்களுக்குக் கொணர்கின்றன. சில சென்டிமீட்டர் நீளமுள்ள ராடார் அலைகள் மேகத்தையும் இருளையும் ஊடுருவ வல்லவை. ஆதலால், அடைமழைக் காலத்திலும் வெள்ளம் சூழ்ந்த வயல்களின் பரப்பைச் செயற்கைக்கோள் மூலம் கணக்கிட இயலுகிறது.

வெளிச்சமும் அதன் இரு பக்கங்களும்: 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்பார், சிவப்பு நிறத்திற்கு அப்பால் உஷ்ணமானியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத கிரணம் அங்குண்டெனக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கிரணம். செழித்த இலை சிவப்பு வெளிச்சத்தை உட்கொண்டு, அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. நலிந்த பயிரில் இவ்வேற்றுமை குறைகிறது. இதைக் கொண்டே பயிரின் நிலையை வானிலிருந்து மதிப்பிடுகின்றனர். ஊதாவுக்கு அப்பாலுள்ள புற ஊதாக் கிரணங்கள் தெளிந்த நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும். கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கும் செய்யும்.

மிகக் குறுகிய அலைகள்: எக்ஸ் கிரணங்கள் வாற்கோதுமையின் பாரம்பரிய குணங்களை மாற்றக்கூடும் என்பதை ஸ்டாட்லர் என்பார் 1928-இல் வெளியிட்டார். மும்பையையடுத்த டிராம்பேயில், இவ்வகை மாறுதல்களினின்று நிலக்கடலை ரகங்கள் பல உருவாக்கப்பட்டுள்ளன.

காமாக் கிரணங்கள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைவிடுவதைத் தடுக்கின்றன. இதற்கென நாசிக் ஜில்லா லாசல்காவில் 2002-இல் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. இங்ஙனம் பதனிட்ட பொருள் கதிரியக்கம் உடையதாகிவிடும் என்று அஞ்சுவது தவறு. கிரணம் ஊடுருவிச் செல்லுமேயன்றி அதில் தங்குவதில்லை.

எனினும், இரண்டு விஷயங்களை விவசாயிகள் மறக்கலாகாது. முளைப்பைத் தடுக்கும் சிறு அளவு அழுகலைத் தடுக்காது. ஆகவே, நன்கு உலர்த்திய, அடிபடாத சரக்கையே பதனிட்டு, காற்றோட்டமான இடத்தில் சேமிக்க வேண்டும். மேலும், பதனிட்ட காயும் கிழங்கும் உணவுக்கு உகந்தவையேயன்றி நடவுக்கு உதவா. விதைக்கென வாங்குவோர், சரக்கு பதனிடப்பட்டதா என விசாரித்து அறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும். இல்லையேல், உழைப்பும் பருவமும் ஒருங்கே வீணாகும்.