1992-ல பிறந்தவருக்கு ஒரு பாட்டில் வைன்: விண்டேஜ் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

போன மாசம் நாமக்கல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். பெங்களூர்ல வேலை, 1992-ல பிறந்தவர். கையில 3 லட்ச ரூபாய் போனஸ் வந்திருக்கு. ஆபீஸ்ல யாரோ "ஃபைன் வைன்தான் அடுத்த தங்கம்"னு சொல்லியிருக்காங்க. ஒரு வெளிநாட்டு ஆப் மூலமா ஃபிரான்ஸோட உயர்ந்த ரக வெள்ளை வைன் ஆறு பாட்டில் வாங்கி, லண்டன் குடோன்லயே வெச்சிருந்து, அஞ்சு வருஷம் கழிச்சு வித்துடலாம்னு பிளான். அதுல ஒண்ணு அவர் பிறந்த வருஷத்து ஷாத்தோ டிக்கெம்மா இருக்கணும்னு ஆசை.

மெயிலோட கடைசி வரியில போற போக்குல இப்படி ஒண்ணு: "அம்மாவோட நகை 3 லட்சத்துக்கு பேங்க்ல இருக்கு சார், 9% வட்டி. அதை அப்புறம் மீட்டுக்கலாம்னு இருக்கேன்."

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வெச்சது. ஆனா முதல்ல வைனுக்கே வர்றேன். ஏன்னா அவர் கேட்ட பாட்டில் உலகத்துலயே கிடையாது.

ஷாத்தோ டிக்கெம் 1992-ல வைன் வெளியிடவே இல்லை. அந்த வருஷம் விளைஞ்சது தரமில்லைன்னு அவங்களே நிறுத்திட்டாங்க. 1964, 1972, 1974, அப்புறம் 2012-லயும் இதே கதைதான். அதனால யாராவது 1992 டிக்கெம்னு ஒரு பாட்டிலைக் காட்டினா, விலையே கேட்க வேண்டாம், அது போலி. சும்மா பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. ரூடி குர்னியவான்னு ஒருத்தர் அமெரிக்காவுல தன் வீட்டுலயே பழைய ஃபிரெஞ்சு வைன்களுக்குப் போலி தயார் பண்ணி பணக்காரங்களுக்கு வித்து, 2014-ல 10 வருஷம் ஜெயில் தண்டனை வாங்கினார். அவர் மாட்டினதுக்கு ஒரு காரணம், ஒரு தயாரிப்பாளர் அந்தப் பேர்ல வைனே பண்ணாத வருஷங்களுக்குக் கூட இவர் பாட்டில் கொண்டுவந்ததுதான்.

வருஷம் ஏன் இவ்ளோ முக்கியம்?

விண்டேஜ்னா திராட்சை அறுவடையான வருஷம், அவ்வளவுதான். நம்ம ஊர்ல மாம்பழ சீசன்ல "போன வருஷ குண்டு மாதிரி இந்த வருஷம் இல்லைங்க"ன்னு சேலம் மண்டியில பேசிக்கறோம் இல்லையா, அதே பேச்சுதான். வித்தியாசம் என்னன்னா, மாம்பழம் பத்து நாள்ல தீர்ந்துடும். அந்த வைன் அம்பது வருஷம் தாண்டியும் நிக்கும். அதனால பழைய வருஷமும் புது வருஷமும் ஒரே நேரத்துல விலைப்பட்டியல்ல நிக்குது.

டிக்கெம் வர்ற ஊர் சோத்தேர்ன், போர்தோவுக்குத் தெற்கே. இனிப்பு வெள்ளை வைன். அங்கே காலையில ஆத்துப் பக்கம் பனிமூட்டம், மத்தியானம் வெயில். இந்த ரெண்டும் சேர்ந்தா பழத்து மேல ஒரு பூஞ்சை பிடிக்கும். சாதாரணமா விவசாயி அழற விஷயம். இங்கே அதைத்தான் காத்திருந்து வரவேற்கறாங்க, ஏன்னா பூஞ்சை பழத்துல இருக்கற தண்ணியை வத்த வெச்சு, சர்க்கரையை கெட்டியாக்கிடுது. பக்குவமான பழத்தை மட்டும் பறிக்கணும்னு ஒரே தோட்டத்துக்குள்ள பல தடவை போய்ப் பொறுக்குவாங்க. ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் வைன்தான் கிடைக்கும்னு சொல்லுவாங்க. அறுவடை நேரத்துல மழை பிடிச்சுக்கிட்டா அந்த வருஷக் கதை முடிஞ்சது.

இதுல நிறைய பேர் ஏமாற்ற இடம் ஒண்ணு இருக்கு. "2000 போர்தோவுக்கு சூப்பர் வருஷம்"னு எங்கேயாவது படிச்சுட்டு 2000 சோத்தேர்ன் வாங்கிடுவாங்க. 2000 நல்ல வருஷம்தான், ஆனா சிவப்பு வைனுக்கு. சோத்தேர்ன்ல அந்த அக்டோபர் மழையில சொதப்பிடுச்சு. அடுத்த வருஷம் 2001 அப்படியே தலைகீழ். சோத்தேர்னுக்கு அது பெரிய வருஷம், பிரபல விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 2001 டிக்கெம்முக்கு 100-க்கு 100 போட்டார். 2013-ம் அப்படித்தான், சிவப்புக்கு மோசம், சோத்தேர்னுக்கு நல்லது. ஒரே ஊர்ப் பேரை வெச்சு வருஷத்தை எடை போடறது, பேங்க் இண்டெக்ஸ் ஏறுச்சுன்னு கண்ணை மூடிட்டு ஏதோ ஒரு பேங்க் ஷேரை வாங்கற மாதிரி.

வருஷம் சரியா இருந்தாலும் பாட்டில் சரியா இருக்கணும். பர்கண்டின்னு இன்னொரு பகுதியோட இனிப்பில்லாத வெள்ளை வைன் இருக்கு. 1996 அங்கே அருமையான வருஷம்னு சொல்லி நிறைய பேர் வாங்கி அடுக்கினாங்க. சில வருஷத்துலயே ஒரு பாட்டில் நல்லா இருக்கும், அதே பெட்டியில அடுத்த பாட்டில் பழுப்பு நிறமாகி வீணாப் போயிருக்கும். காத்து பட்டு முன்கூட்டியே கெட்டுப்போற இந்தப் பிரச்னை வெளியில வர்றதுக்குள்ள பணம் போட்டவங்க போட்டுட்டாங்க. அதனால லேபிள்ல இருக்கற வருஷத்தோட, பாட்டில் கழுத்துல வைன் எந்த மட்டத்துல நிக்குது, நிறம் எப்படி, இதுவரைக்கும் யார்கிட்ட எங்கே இருந்தது, இதெல்லாம் சேர்ந்துதான் விலை.

இப்போ கணக்கு

ரெண்டு வருஷத்தோட விலையை ஒப்பிட நான் பார்க்கற வழி இது. விலை என் கற்பனை, முறையை மட்டும் எடுத்துக்கோங்க. ரெண்டுமே நல்ல வருஷங்கள். 2015 பாட்டில் 30,000 ரூபாய், 2001 பாட்டில் 60,000 ரூபாய்னு வெச்சுப்போம். நடுவுல 14 வருஷம். 14 வருஷத்துல ரெண்டு மடங்குன்னா வருஷத்துக்கு சுமார் 5.1%. அதாவது "பழசாகறதுக்கு" மார்க்கெட் தர்ற கூலி அவ்வளவுதான்.

இதே 30,000-ஐ 7% வட்டியில 14 வருஷம் போட்டா கிட்டத்தட்ட 77,000. அப்போ புது பாட்டிலை வாங்கி நீங்களே பழசாக்கறதை விட, பழசாகிட்ட பாட்டிலை இன்னிக்கு வாங்கறது மலிவு. ஸ்டோரேஜும், உடைஞ்சா கெட்டா ஆகற நஷ்டமும், முடங்கின பணத்தோட வட்டியும் வேற யாரோ ஏற்கெனவே கட்டிட்டாங்க. குடிக்க ஆசைப்படறவருக்கு இது நல்ல செய்தி, முதலீடு பண்றவருக்குக் கெட்ட செய்தி. இந்த ஒரு வகுத்தலை எந்தப் பட்டியல்ல வேணும்னாலும் போட்டுப் பாருங்க. ஆப் காட்டற கிராஃபை விட இது நேர்மையா பேசும்.

தம்பியோட 3 லட்சத்துக்கு வருவோம். அதே 5.1%-ல அஞ்சு வருஷம் ஏறினா சுமார் 3.85 லட்சம். விக்கும்போது 10% கமிஷன்னு வெச்சா கையில 3.46. குடோன் வாடகை, இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 1%னு பிடிச்சா 3.29 பக்கம் வந்துடும். லாபத்துக்கு 12.5% வரி. கடைசியில மிஞ்சறது அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து 24,000 ரூபாய் மாதிரி.

அம்மா நகைக்கு அவர் கட்டற வட்டி 9%. அதாவது 27,000. ஒரே வருஷத்துக்கு.

ரூபாய் மதிப்பு குறைஞ்சா லாபம் கூடுமே சார்னு கேப்பீங்க. கூடும். வருஷம் 3% குறையுதுன்னே வெச்சுப்போம், மிஞ்சறது 70,000 அளவுக்கு வரும். அஞ்சு வருஷ நகை வட்டி 1,35,000.

அந்த ஆப்ல "லாபத்துக்கு வரியே இல்லை"ன்னு போட்டிருக்காம். அது பிரிட்டன்ல இருக்கறவங்களுக்கு. ஆயுள் 50 வருஷத்துக்குள்ள இருக்கற பொருளுக்கு அங்கே அப்படி ஒரு விலக்கு உண்டு (டிக்கெம் மாதிரி அம்பது தாண்டி நிக்கற வைனுக்கு அங்கேயே அது சந்தேகம்தான்). இந்தியாவுல வரி கட்டற ரெசிடெண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. லண்டன்ல பாட்டில் இருந்தா அது வெளிநாட்டுச் சொத்து, ரிட்டர்ன்ல ஷெட்யூல் எஃப்.ஏ-ல காட்டணும். 20 லட்சத்துக்குள்ள இருக்கற அசையும் சொத்துகளுக்கு அந்த 10 லட்ச ரூபாய் அபராதத்துல இருந்து 2024 அக்டோபர் முதல் விலக்கு வந்திருக்கு. காட்டணும்ங்கற கடமை அப்படியேதான் இருக்கு.

ஊருக்கே கொண்டுவந்துட்டா?

இறக்குமதி வைனுக்கு சுங்க வரி 150%. 30,000 ரூபாய் பாட்டில் துறைமுகத்தைத் தாண்டும்போதே 75,000. அதுக்கு மேல மாநில வரிகள். 2026 ஜனவரியில ஐரோப்பிய ஒன்றியத்தோட வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிஞ்சப்போ இந்த வரி படிப்படியா குறையும்னு அறிவிச்சாங்க. குறையட்டும், ஆனா அதுவும் வாங்கி வெச்சிருக்கறவருக்கு எதிரானதுதான். நாளைக்கு மலிவா வரப்போற சரக்கை இன்னிக்கு முழு வரி கட்டி வாங்கி வைக்கறதுல என்ன இருக்கு?

வெளிநாட்டுல இருந்து வர்றவங்க பேக்கேஜ்ல 2 லிட்டர் வரைக்கும் கொண்டுவரலாம். ஒரு பாட்டில் 750 மில்லி. ரெண்டு பாட்டில்னா 1.5 லிட்டர், ஓகே. மூணாவது வெச்சா 2.25, மாட்டினீங்க. மொத்தப் பொருளோட மதிப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. பாண்டிச்சேரியில ஃபிரெஞ்சு வைன் கிடைக்குதே, வாங்கிட்டு ஆத்தூர் வழியா சேலம் வந்துடலாமேன்னு யோசிக்கறவங்களுக்கு: தமிழ்நாட்டு வரி கட்டாத சரக்கை எல்லை தாண்டிக் கொண்டுவர்றது குற்றம். வண்டியும் போகும்.

இங்கே ஒரு சின்ன ஊர்க்கதை. மதுவிலக்கு மெட்ராஸ் மாகாணத்துல முதன்முதலா வந்தது நம்ம சேலம் மாவட்டத்துலதான், 1937 அக்டோபர் 1, ராஜாஜி ஆட்சியில. நாமக்கல் அப்போ சேலத்துக்குள்ள இருந்தது. கள்ளு, சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல பொது விற்பனை வரி கொண்டுவந்தாங்க. என் தொழிலே அந்த ஓட்டையில முளைச்சதுன்னு கூட சொல்லலாம்! அந்த விற்பனை வரி வளர்ந்து கடைசியில ஜி.எஸ்.டி ஆச்சு, ஆனா மது இன்னிக்கும் ஜி.எஸ்.டி-க்கு வெளியே நிக்குது. 1937 சட்டமும் இன்னும் உயிரோட இருக்கு. லைசென்ஸ் இல்லாம ஒரு பாட்டிலைக் கூட நீங்க இன்னொருத்தருக்கு விக்க முடியாது. சில்லறை விற்பனை 2003-ல இருந்து டாஸ்மாக் கையில மட்டும்தான், அவங்க உங்ககிட்ட இருந்து வாங்கவும் மாட்டாங்க.

முதலீட்டுல நான் முதல்ல கேக்கற கேள்வி "எப்போ, யார்கிட்ட, என்ன விலைக்கு விப்பீங்க?" நாமக்கல் முட்டைக்கு என்.இ.சி.சி விலை அறிவிக்குது, கோழிப்பண்ணைக்காரர்ல இருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். சேலத்துல ஜவ்வரிசிக்கு சேகோசர்வ் ஏலம் இருக்கு. மஞ்சளை விலை வரட்டும்னு வருஷக்கணக்குல இருப்பு வெக்கறவங்க நம்ம பக்கம் இருக்காங்க, 2010 வாக்குல உச்சத்துல விக்காம விட்டு அடுத்த ரெண்டு வருஷத்துல அழுதவங்களும் இருக்காங்க. ஆனா அவங்களுக்குக் கூட, எந்த நாள் நினைச்சாலும் மூட்டையை ஏத்திட்டுப் போக ஒரு மண்டி இருந்தது. உங்க அலமாரியில இருக்கற டிக்கெம்முக்கு மண்டி இல்லை.

அப்புறம் வெயில். அந்த வைன் 12, 13 டிகிரியில, ஆடாம அசையாம, படுத்த நிலையில இருக்கணும். சேலத்துல சித்திரை மாசம் 40 தொடும். சாதாரண ஃபிரிட்ஜ் வருஷக்கணக்குல வைக்க ஒத்துவராது, கார்க் காஞ்சுடும். ரெண்டு கோடை தாண்டின பாட்டிலை எந்த ஊர் கலெக்டரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்.

2011-ல 1811-ம் வருஷத்து டிக்கெம் ஒண்ணு 75,000 பவுண்டுக்கு வித்தது, வெள்ளை வைனுக்கு அப்போ உலக சாதனை. வாங்கினவர் கிறிஸ்டியன் வன்னெக், வைன் துறையிலயே வாழ்ந்தவர். அவர் அதை லாபத்துக்கு விக்கறேன்னு சொல்லலை. தன்னோட தொழில் வாழ்க்கையோட 50-ம் வருஷத்துல திறந்து குடிக்கப் போறேன்னுதான் சொன்னார். அவர் கணக்குல அது செலவு, தெளிவா செலவு.

தம்பிக்கு நான் எழுதின பதில் இதுதான். போனஸ் வந்த வாரமே பேங்க்குக்குப் போய் அம்மா நகையை மீட்டுடுங்க. அப்புறம் மாசம் 27,000-ல பன்னிரண்டுல ஒரு பங்கு, 2,250 ரூபாய், தானா மிச்சமாகும். அதை ஒரு வருஷம் ஆர்.டி.-ல போடுங்க. அப்பவும் ஆசை இருந்தா, ஃபிரான்ஸ்ல இருந்து லீவுக்கு வர்ற நண்பர்கிட்ட சொல்லி 375 மில்லி அரை பாட்டில் ஒண்ணு வாங்கச் சொல்லுங்க. 1992 கிடைக்காது, அதனால பேர் பெரிசா பேசப்படாத 2013 மாதிரி ஒரு வருஷம் பாருங்க. அரை பாட்டில் சீக்கிரம் பக்குவமாகும், ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம். எக்ஸெல்ல அதை "முதலீடு" காலத்துல போடாதீங்க, "பிறந்தநாள்" காலத்துல போடுங்க. நண்பரை கடை பில்லை மட்டும் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க, சுங்கத்துல கேட்டா காட்டணும்.

மூணு நாள் கழிச்சு ஒரு வரி பதில் வந்தது: "நகை வீட்டுக்கு வந்துடுச்சு சார். அம்மாவுக்கு வைன் விஷயம் தெரியாது, நீங்களும் வீடியோல பேர் சொல்லிடாதீங்க."