ஐப்பசி மழைக்குப் பாலில்லாத சுக்குக் காப்பி

துலாமழை பிடித்துக்கொண்டது. மறையூர், வண்டன்மேடு, குமுளிப் பக்கமெல்லாம் சாயங்காலமானால் குளிர் இறங்கிவிடும். இந்த நேரத்துக்குச் சுக்குக் காப்பியை மிஞ்சியது எதுவுமில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் தாராளமாகக் குடிக்கலாம்.

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு துண்டு சுக்கை எடுத்துத் தோல் சீவுங்கள். அதோடு 8 மிளகு, 4 ஏலக்காய், 1 ஸ்பூன் மல்லிவிதை சேர்த்து ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மாவாக அரைத்தால் காப்பி கலங்கிப்போகும். தட்டினால்தான் மணம் நிற்கும். 4 டம்ளர் தண்ணீரில் இதைப் போட்டு, கொஞ்சம் துளசியும் கிள்ளிப் போட்டு, 3 டம்ளராக வற்றும்வரை கொதிக்க விடுங்கள்.

இனிப்புக்கு மறையூர் வெல்லம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் விளையும் கரும்பின் சாற்றைக் காய்ச்சி எடுப்பது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. உப்புக்கரிப்பு குறைவு என்பதால் சுக்கின் காரத்தோடு நன்றாகப் பொருந்தும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து நேயர்கள் பனங்கருப்பட்டி போட்டாலும் அருமைதான்.

காப்பித்தூளைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். 2 ஸ்பூன் தூளைப் போட்டதும் அடுப்பை அணைத்து, 3 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். தூளையும் சேர்த்துக் கொதிக்க விட்டால் கசப்பு ஏறிவிடும்.

பால் காப்பி போலக் கெட்டியாக வேண்டுமா? வடிகட்டிய பிறகு முதல் தேங்காய்ப்பால் கால் டம்ளர் ஊற்றிக் கலக்குங்கள். மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள், திரிந்துவிடும்.