சான்றிதழுக்குப் பின்னும் கற்றல்

ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலத்தில் சாரல் பொழியும்போது, அதற்குக் கிழக்கே உள்ள சுரண்டையில் மழை அத்துணை மிகுதியாக இருப்பதில்லை, காற்றே மிகுதி. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, தென்காசியைக் கடந்து சுரண்டை, சங்கரன்கோவில் வட்டாரங்களின் திறந்த நிலங்கள்மேல் விரைந்து வீசுகிறது. அந்நிலங்களில் வயல்களுக்கு நடுவே காற்றாலைகள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றைப் பேணும் பணியாளர்களுள் பலர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளராகவோ பொருத்துநராகவோ ஈராண்டு பயின்றவர்கள். அவர்கள் பெற்ற சான்றிதழில் காற்றாலை என்னும் சொல்லே இடம்பெற்றிருக்காது. பணியில் சேர்ந்த பின்னரே அவர்கள் அதனைக் கற்றார்கள். இன்றும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஈராண்டுப் பயிற்சி, முப்பதாண்டுப் பணி

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகில் முள்ளக்காட்டில் அமைந்தது. அங்கு நிறுவப்பட்ட ஒவ்வொரு காற்றாலையும் 55 கிலோவாட் திறன் கொண்டது. இன்று நிறுவப்படும் காற்றாலை ஒன்றின் திறன் 2,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது. அதாவது, அன்றைய காற்றாலைகள் முப்பத்தாறு சேர்ந்து தரக்கூடிய மின்னாற்றலை இன்று ஒன்றே தந்துவிடுகிறது.

மாற்றம் அளவில் மட்டும் நிகழவில்லை. தொடக்கக்காலக் காற்றாலைகளின் இறக்கைகள் நடுத்தண்டில் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தன. காற்று எவ்வளவு விரைந்தாலும் அவை ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழன்றன. பற்சக்கரப் பெட்டியின் ஓசையைக் கேட்டே பழுதை உணரும் பணியாளர்கள் அக்காலத்தில் இருந்தனர். இன்றைய காற்றாலையோ காற்றின் வேகத்தை அளந்து, இறக்கைகளின் கோணத்தைத் தானே திருப்பிக்கொள்கிறது. மாறும் வேகத்தில் கிடைக்கும் மின்சாரத்தை, மின்தொகுப்புக்கு ஏற்றவாறு மின்னணுக் கருவிகள் மாற்றித் தருகின்றன. சில வகைகளில் பற்சக்கரப் பெட்டியே கிடையாது. பழுது ஏற்படின், திரையில் ஒரு குறியீட்டு எண் தோன்றும். அந்த எண் எதனைச் சுட்டுகிறது, அது காட்டுவதே உண்மையான பழுதா, அன்றி வேறொரு பழுதின் விளைவா என்று ஆராய்வதே பணியாளரின் வேலையாகிவிட்டது. செவியால் அறிந்த தொழில், படித்து அறியும் தொழிலாக மாறிற்று.

இருபது ஆண்டுகளைக் கடந்த காற்றாலைகளைப் புதுப்பிக்கவும், மாற்றி அமைக்கவும் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டது. பழைய காற்றாலை இறக்கப்பட்டுப் புதியது ஏற்றப்படும் இடங்களில், பழையதைப் பேணியவருக்கு என்ன நேரும்? இவ்வினா ஓர் இயந்திரத்தைப் பற்றியதன்று. இருபத்திரண்டு வயதில் பணியில் சேர்ந்து நாற்பத்தைந்தை நெருங்கும் ஒருவருடைய வருவாயையும், அவர் பிள்ளைகளின் படிப்பையும், அவர்தம் தன்மதிப்பையும் பற்றியது. இவ்வயதில் எனக்கு இது எதற்கு என்று அவர் ஒதுங்கிவிடலாம். தாம் அறிந்த மின்னியலின் அடிப்படையை ஊன்றுகோலாகக் கொண்டு புதியதையும் பற்றிக்கொள்ளலாம். ஓமின் விதி 1986இலும் அதுவே, இன்றும் அதுவே. அடிப்படையைப் பொருள் உணர்ந்து கற்றவருக்கு இரண்டாவது வழி திறந்திருக்கிறது. தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது கடினமாகிறது.

பட்டறையில் நேர்ந்த மாற்றம்

காற்றாலையை அருகில் காணாதவரும் இருசக்கர வாகனப் பட்டறையைக் கண்டிருப்பர். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்பனையாகும் வாகனங்களுக்கு ‘பாரத் நிலை 6’ என்னும் மாசுக் கட்டுப்பாட்டு அளவீடு நடைமுறைக்கு வந்தது. அதனை எட்டும்பொருட்டு, பெரும்பாலான இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டர் நீங்கி, எரிபொருளை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் கருவி இடம்பெற்றது. கார்புரேட்டரைச் சீரமைக்க ஒரு திருப்புளியும் பழகிய செவியும் போதுமானவையாக இருந்தன. புதிய முறையில் உணரிகள் தரும் தகவலை ஸ்கேனர் கொண்டு படிக்க வேண்டும். சிற்றூர்ப் பட்டறை உரிமையாளர் பலர், பழைய வண்டிகள் இருக்கும்வரை போதும் என்று எண்ணினர். வேறு சிலரோ ஸ்கேனரை வாங்கி, பயிற்சிக் காணொளிகளைக் கண்டும், நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளுக்குச் சென்றும் தேறினர். இப்போது மின்கல வண்டிகளும் வந்துவிட்டன. அவற்றில் கார்புரேட்டரும் இல்லை, எரிபொருளும் இல்லை.

இது புதிய துன்பமன்று. ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, இடவலம் மாறிய வடிவில் வரி வரியாகக் கோத்த அச்சுக்கோப்பாளர்களின் கைத்திறன் கணினி வந்தபோது தேவையற்றதாயிற்று. ஆயினும் ஒற்றுப்பிழை காணும் அவர்களது கண்ணும், பக்கத்தைப் பார்த்த அளவில் இடைவெளியை மதிப்பிடும் பழக்கமும் பயனற்றுப் போகவில்லை. கணினித் தட்டச்சைக் கற்றுக்கொண்டவர்கள் அத்திறன்களை அங்கும் கொண்டுசென்றனர். கற்க வாய்ப்பில்லாதவரோ தொழிலையே விட்டு நீங்கினர். அவர்களைக் குறைகூறுவது எளிது. ஆயினும் அவர்களுள் எத்தனை பேருக்கு விடுப்பும் பயிற்சியும் உதவித்தொகையும் கிடைத்தன என்பதையும் கேட்டாக வேண்டும். கற்கும் கடமை தொழிலாளிக்கு உண்டெனில், கற்பிக்கும் கடமை முதலாளிக்கும் அரசுக்கும் உண்டு.

யுனெஸ்கோ அமைப்பு எட்கர் ஃபோர் தலைமையில் அமைத்த குழு, கல்வி என்பது இளமைப் பருவத்தோடு முடிவதன்று, வாழ்நாள் முழுவதும் தொடர்வது என்னும் கருத்தை 1972இல் வலியுறுத்தியது. ஐக்கிய நாடுகள் அவை 2015இல் வகுத்த வளர்ச்சி இலக்குகளுள் நான்காவதும் வாழ்நாள் கற்றல் வாய்ப்பைக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் 71ஐத் தற்காலத் தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தும் திட்டம் செயற்படுத்தப்பட்டது. காற்றாலைத் துறைக்கெனச் சென்னையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும், அதன் ஆய்வு நிலையம் கயத்தாற்றிலும் உள்ளன.

கற்கக் கற்பித்தல்

கட்டடமும் கருவியும் வந்துவிட்டால் கற்கும் மனம் தானே வந்துவிடுமா? கோவையைச் சேர்ந்த கோ. துரைசாமி நாயுடு (1893–1974) பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் பணியாற்றிப் பொருள் சேர்த்து, அதனை விலைக்கு வாங்கினார். ஓட்டிப் பார்த்ததோடு நில்லாமல் அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மீண்டும் பூட்டினார். 1920இல் ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கியவர், பின்னர் மின்மோட்டார் முதலான பல கருவிகளின் உருவாக்கத்தில் ஈடுபட்டார். தொழிற்கல்வி நிறுவனங்களையும் தொடங்கினார். பொறியியல் படிப்பு தேவைக்குமேல் நீண்டிருக்கிறது என்பது அவர் கருத்து. அதனை எல்லாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்கும் துணிவு அவருக்கு இறுதிவரை குறையவில்லை.

நாயுடுவைப் போன்றோர் அரியர். எல்லாருக்கும் அத்துணிவு இயல்பாக வாய்க்காது. அதனைப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது. சோஹோ மென்பொருள் நிறுவனம் 2005இல் ஆறு மாணவர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பையோ பட்டயப் படிப்பையோ முடித்தவர்கள் அங்குக் கட்டணமின்றி, உதவித்தொகையுடன் பயில்கின்றனர். சுரண்டையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத மத்தளம்பாறையில் அந்நிறுவனத்தின் அலுவலகம் உள்ளது. அங்கு உருவான மென்பொருள் உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது. மென்பொருள் துறையில் கற்ற மொழியும் கருவியும் சில ஆண்டுகளிலேயே பழையனவாகிவிடும். ஆகவே ஒரு கருவியைக் கற்பதைவிட, தெரியாத ஒன்றைத் தானே கற்றுக்கொள்ளும் முறையைப் பழகுவதே அத்துறையில் நிலைக்கும் முதலாகிறது.

இம்முறையைப் பழக்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. செய்முறை வகுப்பில் ஆசிரியர் மோட்டாரைப் பூட்டிக் காட்ட, மாணவர் அவ்வாறே செய்து மதிப்பெண் பெறுவது வழக்கம். அதற்கு மாறாக, பழுதுற்ற மோட்டார் ஒன்றைக் கொடுத்து, காரணத்தைக் கண்டறியுமாறு விட்டுவிடலாம். மாணவர் தவறான முடிவுக்கு வந்தாலும், அவர் எவ்வழியில் எண்ணினார் என்பதை எழுதச் சொல்லலாம். அக்குறிப்பேடு, வினாவிடை நூலைக் காட்டிலும் நெடுங்காலம் பயன்தரும். கருவியுடன் வரும் கையேட்டைப் படிக்கும் பழக்கம் மற்றொன்று. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்வழியில் பயின்ற மாணவர் தயங்குவர். தயக்கம் இயல்பே. நாளொன்றுக்கு ஒரு பக்கம், சுற்றுப்படத்தோடு ஒப்பிட்டு, அகராதியின் துணையுடன் படித்தால் சில திங்களில் அம்மொழி பழகிவிடும். ஏனெனில் கையேட்டில் திரும்பத் திரும்ப வருபவை சில நூறு சொற்களே.

தெரியாது என்று சொல்லக் கற்பதும் இதில் அடங்கும். தொழிற்கூடத்தில் இது எளிதன்று. மூத்த பணியாளர் இளையவரிடம் கேட்கக் கூசுவார். இளையவர் மூத்தவரிடம் கேட்க அஞ்சுவார். காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் இவ்விருவரும் சேர்ந்தே பணிபுரிகின்றனர். திரையில் தோன்றும் குறியீட்டை இளையவர் விரைந்து படிக்கிறார். தாங்கியின் அதிர்வைக் கைவைத்து உணர்பவர் மூத்தவர். ஒருவர் அறிந்ததை மற்றவர் கேட்டுப் பெறாவிடில், பழுது அங்கேயே தங்கிவிடும். சில வேளைகளில் உயிருக்கும் ஊறு நேரும்.

புரட்டாசி முடியும் தறுவாயில் கணவாய்க் காற்று தளர்கிறது. இறக்கைகள் மெல்லச் சுழல்கின்றன. சில நாள்களில் நின்றும்விடுகின்றன. காற்று மிக்க பருவத்தில் ஒரு மணிநேரம் நிறுத்தினாலும் இழப்பு என்பதால், பெரிய பழுதுபார்ப்புகளுக்கு இம்மாதங்களே உரியவை. இயந்திரம் ஓய்ந்திருப்பதால் புதியவருக்கு அதனைத் திறந்து காட்டவும், பழையவர் புதிய கையேட்டைப் படிக்கவும் அப்போதுதான் பொழுது வாய்க்கிறது. அடுத்த வைகாசிக்குள் அவற்றை முடித்தாக வேண்டும்.