கடைக்குப் புதுப் பூட்டு; வெப்சைட்டுக்கு ஓட்டைப் பூட்டு!

உடன்குடி வியாபாரிகளே, உஷார்

உடன்குடி கருப்பட்டிக்கு ஊர் ஊராகப் பெயர் உண்டு. பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, ஓலைக் கொட்டானில் கட்டி பஸ் ஏற்றி அனுப்பிய காலம் ஒன்று. இப்போது சென்னையில் இருப்பவரும் துபாயில் இருப்பவரும் செல்போனைத் தட்டினால் போதும். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் வீட்டு வாசலுக்கே பார்சலில் வந்து விடுகின்றன.

பஜாரில் இருக்கிற கடைக்கு ஷட்டர் உண்டு. ஷட்டருக்கு இரண்டு பூட்டு உண்டு. மேலே கேமராவும் உண்டு.

இன்டர்நெட்டில் இருக்கிற கடைக்கு?

"அது நம்ம சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் செஞ்சு குடுத்தான் அண்ணாச்சி. இப்ப அவன் சென்னைக்கு வேலைக்குப் போயிட்டான். சைட் நல்லாத்தானே ஓடுது?"

சின்ன ஊர் வியாபாரிகளிடம் கேட்டால் இந்த மாதிரிப் பதில்தான் வழக்கம். இந்தப் பதிலில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

காலாவதி தேதி உண்டு

வெப்சைட் ஆகாயத்தில் தொங்குகிற சரக்கு அல்ல. மும்பையிலோ, சிங்கப்பூரிலோ ஏதோ ஒரு கட்டிடத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குள் அது இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர்தான் சர்வர்.

அதற்குள் சாப்ட்வேர்கள் அடுக்கு அடுக்காக இருக்கும். அடியில் லினக்ஸ் அல்லது விண்டோஸ். அதற்கு மேல் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ். அதற்கு மேல் பி.எச்.பி. எல்லாவற்றுக்கும் மேலே வேர்ட்பிரஸ் மாதிரி ஒன்று. அதில் ஒட்ட வைத்த 'பிளக்-இன்'கள் பத்து, பதினைந்து.

மாத்திரை அட்டையில் இருக்கிற மாதிரி இவை ஒவ்வொன்றுக்கும் காலாவதி தேதி உண்டு. பி.எச்.பி. 5.6-க்கு 2018 டிசம்பர் 31-ந் தேதியோடு ஆயுள் முடிந்தது. பி.எச்.பி. 7.4-க்கு 2022 நவம்பர் 28. விண்டோஸ் சர்வர் 2012-க்கு 2023 அக்டோபர் 10. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30.

காலாவதியான மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். காலாவதியான சாப்ட்வேர் வழக்கம் போலவே வேலை செய்யும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் அடைத்துக் கொடுக்க ஆள் கிடையாது.

ராத்திரி 9.30... விடியற்காலை 4.30!

"ஓட்டை இருந்தால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது?" என்று நினைக்கலாம். எல்லோருக்கும் தெரியும்!

ஓட்டையை அடைக்கும் 'அப்டேட்' வெளியிடும்போது, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதும் வெளியே வந்து விடுகிறது. பழைய சாப்ட்வேரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திருடனுக்கு வழி தெரிந்து விடும். அப்டேட் போட்டவன் தப்பித்தான். போடாதவன் வீட்டு முகவரி திருடன் கையில்.

2014-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

உலகம் முழுவதும் லட்சக்கணக்கான வெப்சைட்டுகளை நடத்தும் சாப்ட்வேர் 'துருப்பல்'. அதன் 7-ம் பதிப்பில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அக்டோபர் 15-ந் தேதி அதற்கு மருந்து வெளியானது. அப்போது இந்திய நேரம் இரவு 9.30 மணி வாக்கில்.

இரண்டு வாரம் கழித்து துருப்பல் பாதுகாப்புக் குழு ஓர் அறிவிப்பு விட்டது. மருந்து வெளியான 7 மணி நேரத்துக்குள் போட்டுக் கொள்ளாத ஒவ்வொரு வெப்சைட்டிலும் திருடன் புகுந்து விட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது!

அதாவது, கடை அடைத்து சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் மருந்து வந்தது. விடியற்காலை 4.30 மணிக்கெல்லாம் கெடு முடிந்தது.

இன்னொரு வேடிக்கை. புகுந்த திருடர்கள் சிலர் அந்த ஓட்டையைத் தாங்களே அடைத்தும் வைத்தார்கள். அடுத்த திருடன் வந்து பங்கு கேட்கக்கூடாது அல்லவா? அதற்கு முன்பாகத் தங்களுக்கு மட்டும் ஒரு கொல்லை வாசலை வைத்துக் கொண்டார்கள். பிற்பாடு அப்டேட் போட்டவர்கள் முன் வாசலைப் பூட்டினார்கள். கொல்லை வாசல் திறந்தே கிடந்தது.

2016-ல் உலகையே கலக்கிய 'பனாமா பேப்பர்ஸ்' விவகாரம் நினைவிருக்கும். மொசாக் பொன்சேகா என்ற வக்கீல் நிறுவனத்தின் 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள் வெளியே வந்தன. பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப் 2017-ல் பதவி இழந்ததற்குக் காரணமான வழக்கு அதிலிருந்து கிளம்பியதுதான். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளத்தை வல்லுநர்கள் பார்த்தபோது, அதில் ஓடியது 2013-ம் ஆண்டின் பழைய துருப்பல்! ஆவணங்கள் அந்த வழியாகத்தான் போயின என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் ஊரார் ரகசியத்தைக் காப்பாற்றும் தொழிலில் இருந்தவர்கள் தங்கள் கதவைப் பார்க்கவில்லை. 2018-ல் நிறுவனமே மூடப்பட்டது.

ஒரு சனி, ஞாயிறில் போன கடைகள்

வியாபாரிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் 2020-ல் நடந்தது.

இன்டர்நெட் கடை நடத்த உதவும் சாப்ட்வேர் 'மெஜன்டோ'. அதன் முதல் பதிப்புக்கு 2020 ஜூன் 30-ந் தேதியோடு ஆயுள் முடிந்தது. "புதியதற்கு மாறுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மாறாமல் இருந்த கடைகள் சுமார் 95 ஆயிரம்.

ஆகஸ்டு மாதம் கள்ளச்சந்தையில் ஒரு ஆசாமி கடை விரித்தான். பழைய மெஜன்டோவில் புகும் வித்தை விலைக்கு. விலை 5 ஆயிரம் டாலர். பத்து பேருக்கு மட்டுமே விற்பேன் என்றான். "இது காலாவதியான சரக்கு. ஓட்டையை அடைக்க யாரும் வரமாட்டார்கள்" என்பதையே விளம்பரமாக வைத்தான்!

செப்டம்பர் 2-வது வாரக் கடைசியில் ஆரம்பித்தது வேட்டை. வெள்ளிக்கிழமை 10 கடைகள். சனிக்கிழமை 1,058. ஞாயிற்றுக்கிழமை 603. திங்கட்கிழமை 233. ஆக மொத்தம் 1,904 கடைகள். இந்தக் கணக்கை வெளியிட்டது நெதர்லாந்து நாட்டின் 'சான்செக்' நிறுவனம். ஆகஸ்டில் விற்ற வித்தைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் அது சொன்னது.

திருடர்கள் கல்லாவில் கை வைக்கவில்லை. பணம் கட்டுகிற பக்கத்தில் ஒற்றன் மாதிரி ஒரு சின்னத் துணுக்கை ஒட்டினார்கள். வாடிக்கையாளர் கார்டு நம்பரைத் தட்டத் தட்ட, அது திருடனுக்கும் போய்க்கொண்டே இருந்தது. பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கடைக்காரருக்கும் சந்தேகம் இல்லை. வாங்கியவருக்கும் சந்தேகம் இல்லை.

"நம்ம கடையை எவன் பார்ப்பான்?"

"கோடி கோடியாய்ப் புரளுகிற இடத்தை விட்டுட்டு கருப்பட்டிக் கடைக்கா வரப்போறான்?" இது நியாயமான கேள்விதான்.

திருடர்களில் இரண்டு ரகம். ஒரு ரகம் குறி பார்த்து வரும். பக்கத்தில் கூடங்குளத்தில் 2019-ல் நடந்தது அந்த ரகம் என்பது வல்லுநர்கள் கருத்து. நிர்வாக வேலைக்கு வைத்திருந்த, இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் அந்த ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அதில் தொடர்பு இல்லை என்றும் சொன்னது.

இரண்டாவது ரகத்துக்குக் குறியே கிடையாது. தெருவில் போகிறவன் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்ப்பது போல, அவன் ஏவி விட்ட கம்ப்யூட்டர்கள் உலகத்தில் உள்ள சர்வர்களை எல்லாம் தட்டிப் பார்க்கும். "நீ எந்தப் பதிப்பு?" என்று கேட்கும். பழசு என்று தெரிந்தால் உள்ளே. அது கருப்பட்டிக் கடையா, கலெக்டர் ஆபீசா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளைத் தாக்கியது. அது வெப்சைட் திருட்டு இல்லை. ஆனால் வியாதி ஒன்றேதான். அதற்கான அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் 14-ந் தேதி கொடுத்து விட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் மாட்டின. கேரளத்தில் வயநாடு மாவட்டத்தில் தரியோடு கிராமப் பஞ்சாயத்து அலுவலகமும் மாட்டியது! பைல்களைப் பூட்டி வைத்து 300 டாலர் கேட்டது வைரஸ்.

சின்னக் கடைக்குள் புகுந்து என்ன செய்வான்?

பணம் அனுப்பும் கியூ.ஆர். படத்தை எடுத்துவிட்டுத் தன்னுடையதை ஒட்டலாம். ஆர்டர் உங்களுக்கு, பணம் அவனுக்கு. வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பரை மொத்தமாக அள்ளி விற்கலாம்.

உங்கள் தளத்துக்குள்ளேயே போலிச் சரக்கு விற்கும் பக்கங்களை ஆயிரக்கணக்கில் ஒளித்து வைக்கலாம். நீங்கள் திறந்து பார்த்தால் உங்கள் கடைதான் தெரியும். கூகுளில் தேடி வருகிறவருக்கு ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரம் தெரியும். இந்தக் கைவரிசை உலகம் முழுக்கப் பிரசித்தம்.

இல்லாவிட்டால், உங்கள் தளத்துக்கு வருகிறவரின் கம்ப்யூட்டரைத் தனக்கு வேலை வாங்கலாம். 2018 செப்டம்பரில் திருப்பதி மாநகராட்சி உள்பட ஆந்திர அரசு வெப்சைட்டுகள் சிலவற்றில் இதைக் கண்டுபிடித்தார்கள். பார்க்க வந்த ஜனங்களின் கம்ப்யூட்டரிலேயே யாரோ டிஜிட்டல் காசு தோண்டிக் கொண்டிருந்தார்கள்!

மத்திய, மாநில அரசு வெப்சைட்டுகளில் 2020-ல் 59, 2021-ல் 42, 2022-ல் 50 தளங்களில் ஊடுருவல் நடந்ததாகப் பாராளுமன்றத்தில் அரசே கணக்குச் சொல்லியிருக்கிறது.

யார் வேலை?

அமெரிக்காவில் 'ஈக்விபாக்ஸ்' என்ற பெரிய நிறுவனம். ஜனங்களின் கடன் கணக்கை வைத்திருக்கும் இடம். அதன் சர்வரில் இருந்த 'அப்பாச்சி ஸ்டிரட்ஸ்' சாப்ட்வேரின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7-ந் தேதி மருந்து வந்தது. 48 மணி நேரத்துக்குள் போடச் சொல்லி ஆபீசுக்குள் கடிதமும் போனது. ஆனால் ஒரு சர்வரில் யாருமே போடவில்லை. மே மாதம் திருடன் புகுந்தான். ஜூலை 29-ந் தேதிதான் தெரிந்தது. அதற்குள் 14 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் போய்விட்டன.

தலைமை அதிகாரி ராஜினாமா செய்தார். பிறகு அமெரிக்கப் பாராளுமன்றத்தில், சொல்ல வேண்டியவரிடம் ஒரு ஊழியர் தகவலைச் சொல்லவில்லை என்று காரணம் சொன்னார்.

பணத்துக்குப் பஞ்சம் இல்லாத கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், சென்னைக்குப் போய்விட்ட தம்பியை நம்பி இருக்கிற கடைக்கு என்ன கதி? அப்டேட் யாருடைய வேலை என்று பெயர் சொல்ல முடியாத இடத்தில் அது யாருடைய வேலையும் இல்லை.

"போட்டால் சைட் நின்னுடுமே?"

பலர் தள்ளிப் போடுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் அல்ல, பயம். "அப்டேட் போட்டு சைட் நின்னு போனா, சீசன் நேரத்துல ஆர்டர் போயிடும்."

பயத்தில் நியாயம் இருக்கிறது. பழைய பிளக்-இன் புதிய பி.எச்.பி.யில் ஓடாமல் மக்கர் செய்வது உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. முதலில் முழுத் தளத்தையும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். நகலில் அப்டேட் போட்டுப் பார்க்க வேண்டும். சரியாக ஓடினால் அசல் தளத்தில் போடலாம். ஐந்து வருஷம் சேர்த்து ஒரே நாளில் போட்டால்தான் சிக்கல். மாதா மாதம் போட்டால் சிக்கல் குறைவு.

தம்பியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

* சர்வரில் என்னென்ன சாப்ட்வேர், எந்தப் பதிப்பு, ஆயுள் எப்போது முடிகிறது? ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

* பாதுகாப்பு அப்டேட் தானாகவே விழும்படி வைத்திருக்கிறதா? வேர்ட்பிரசில் இந்த வசதி 2013-ல் இருந்தே உண்டு.

* உபயோகம் இல்லாத பிளக்-இன், சோதனைக்குப் போட்ட பழைய நகல் ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறந்துபோன கதவுதான் முதலில் திறக்கும்.

* முழுத் தளத்தின் நகல் எங்கே இருக்கிறது? அதே சர்வரில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. வேறு இடத்தில் வேண்டும். அதிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்ப முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

* சாவி யார் யார் கையில்? வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள்.

* கார்டு விவரம் நம் தளத்திலேயே வாங்குகிறோமா? வேண்டாம். பணம் வாங்குவதற்கென்றே உள்ள நிறுவனத்தின் பக்கத்துக்கு அனுப்பி விடுங்கள்.

நடந்துவிட்டால்?

அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம், தடயமும் போய்விடும். தளத்தை உடனே நிறுத்துங்கள். சர்வர் பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதம் இல்லாமல் போன் செய்யுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு போட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அந்த அமைப்புக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

அப்டேட் மட்டும் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். துருப்பல் கதையில் வந்த கொல்லை வாசலை மறக்கக்கூடாது. பழைய, சுத்தமான நகலில் இருந்து புதிய சர்வரில் கடையைத் திரும்ப எழுப்புவதுதான் பத்திரம். ஆர்டர் கொடுத்தவர்களுக்கும் நடந்ததைச் சொல்லி விட வேண்டும்.

கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறது என்று ஒரு தடவை தெரிந்தால் அந்த வாடிக்கையாளர் அந்தப் படி ஏறமாட்டார். இவர் கடையில் பணம் கட்டினேன், கார்டு காசு போச்சு என்றாலும் அதேதான்.

வெப்சைட் செய்து கொடுத்தவருக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். அவர் எடுக்காவிட்டால், வேறு ஆள் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.